‘டிஸ்க் போயிடுச்சு சார்!’

சர்வீஸ் சென்டரின் ஏ.சி. அறையில் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள். கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞர் வந்து பக்கத்தில் உட்காருவார். குரலை ஒரு படி இறக்கிக்கொள்வார். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்ட டாக்டரின் முகம். “சார், முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் போயிடுச்சு. பெண்ட் ஆகியிருக்கு. மாத்திடலாமா?”

பிரேக் விஷயம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நானும் தலையை ஆட்டினேன். புது டிஸ்க், புது பேட், கூலி, வரி எல்லாம் சேர்ந்து பில் வந்தது. கட்டினேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். கோவை அவிநாசி சாலையில் 90-ல் போகும்போது குறுக்கே ஒரு டெம்போ வர, பிரேக்கை மிதித்தேன். ஸ்டீரிங் கைக்குள் கிடுகிடுவென ஆடியது. பழைய டிஸ்க்கை எந்தக் குறைக்காக மாற்றினேனோ, அதே குறை.

திரும்பப் போனேன். அதே இளைஞர், அதே குரல். “மறுபடி பெண்ட் ஆயிடுச்சு சார். சூடா இருக்கும்போது மழைத்தண்ணி பட்டிருக்கும்.” மறுபடி மாற்ற இன்னொரு எஸ்டிமேட். இந்த முறை காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நண்பர் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையைக் கைகாட்டினார். ஊட்டி மலையிலிருந்து புகைந்துகொண்டு இறங்கும் வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்த மெக்கானிக். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். தனியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அளந்து பாத்தாங்களாங்க?”

எனக்குத் தெரியவில்லை. யாரும் அளந்ததை நான் பார்க்கவில்லை. டேப்லெட்டில் எந்த எண்ணும் இல்லை. ‘மாற்ற வேண்டும்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் மட்டும் இருந்தது.

சக்கரம் இல்லாமல் டிஸ்க் மட்டும் தெரிந்தது. பளபளவென்றுதான் இருந்தது. கழன்று வந்த நட்டுகளில் மூன்றை வாஷர் கொடுத்து டிஸ்க்கின் மேலேயே முடுக்கினார். காந்த ஸ்டாண்டில் ஒரு டயல் கேஜை நிறுத்தி, அதன் முனையை டிஸ்க்கின் ஓரத்தில் தொட வைத்தார். பிறகு டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. “பாருங்க சார், எத்தன கோடு போகுதுன்னு.” எண்ணினேன். 14 கோடு. ஒரு கோடு 0.01 மி.மீ. அதாவது, டிஸ்க் ஒரு சுற்றுக்கு 0.14 மி.மீ. அங்குமிங்கும் ஆடுகிறது. கார் கம்பெனிகள் பொதுவாக 0.05-லிருந்து 0.1 வரைதான் பொறுத்துக்கொள்ளும்.

‘ஆக, பெண்ட் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னது சரிதானோ?’ என்று எனக்கு உள்ளூர ஓடியது. அவர் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றினார். அதை பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினார். டிஸ்க்கைத் தட்டி உருவினார். அதன் பின்னால், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில், தோசைக்கல்லில் காய்ந்த மாவுபோலத் துரு அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். ஒரு செதில் பெயர்ந்து வந்தது.

“இதத் துடைக்காமலே புது டிஸ்க்க மாட்டி விட்டிருக்காங்க. டிஸ்க்கு மேல தப்பு இல்லீங்க சார். உக்கார்ற எடத்துல தப்பு.”

ஐந்தாறு குடம் வெந்நீர்

அந்தத் துருச்செதில் ஏழாயிரம் கிலோமீட்டரில் எப்படி என் கையை நடுங்க வைத்தது என்பதற்கு முன், டிஸ்க் என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்துவிடலாம். அது காரை நிறுத்துகிறது என்போம். பாதிதான் சரி. அதன் முழுநேர வேலை, சூட்டை வாங்கிக்கொள்வது.

1,200 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் மூன்று, நான்கு விநாடியில் நின்றுவிடும். அந்த ஓட்டத்தில் இருந்த சக்தி எங்கும் ஓடிவிடவில்லை. அவ்வளவும் சூடாக மாறி, பெரும்பகுதி டிஸ்க்கில் இறங்குகிறது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. வீட்டு அடுப்பில் அதற்குச் சில நிமிடமாவது ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

மலையில் கணக்கே வேறு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். குடும்பம், பெட்டி, படுக்கை, வாங்கிய கேரட் மூட்டை எல்லாம் சேர்த்து 1,400 கிலோ வண்டி 1,900 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தியில் சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஐந்தாறு குடம். இரண்டாம் கியரில் இறங்குபவருக்கு இதில் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ‘நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்’ என்று இறங்குபவருக்கு மிச்சம் மீதி எல்லாம் பிரேக்கின் தலையில். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ‘முதல், இரண்டாம் கியரில் செல்லவும்’ என்று போர்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

இந்தச் சூட்டைத் தாங்கத்தான் டிஸ்க்கை வார்ப்பிரும்பில் செய்கிறார்கள். அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் கார்பன் இருக்கும். இரும்புக்குள் அது கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும். அந்தச் செதில்கள்தான் சூட்டை வேகமாகக் கடத்துகின்றன, அதிர்வையும் விழுங்குகின்றன. வார்ப்பிரும்பு வெண்கல மணிபோல் கணகணக்காது. 1902-ல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது, உலோகத்தின் மேல் செம்பு உராய்ந்து ஊரைக் கூட்டியது, யாரும் சீந்தவில்லை. 1953-ல் ஜாகுவார் சி-டைப், டன்லப் டிஸ்க் பிரேக்கோடு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

வார்ப்பிரும்பின் ஒரு குறை, துருப்பிடிக்கும். ‘பைக் டிஸ்க் துருப்பிடிப்பதில்லையே?’ என்று கேட்பீர்கள். பைக்கில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் பாரமும் சூடும் குறைவு, தவிர வெளியே தெரிகிற பொருள், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். காரின் சூட்டைக் கடத்த அந்த எஃகு அவ்வளவு தோதுப்படாது.

டிஸ்க்கே சொல்லும் எண்

காரில் எத்தனையோ பாகம் தேய்கிறது. ‘இதற்கு மேல் என்னை ஓட்டாதே’ என்று தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டு தேய்கிற பாகங்கள் குறைவு. டிஸ்க் அதில் ஒன்று. நடுவில் தொப்பிபோல் இருக்கும் பகுதியிலோ, வெளி விளிம்பிலோ ‘மின் டி.எச்.’ என்று ஆங்கிலத்தில் போட்டு ஓர் எண் இருக்கும். குறைந்தபட்சத் தடிமன் என்று பொருள். துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். என் காரில் அது 20 மி.மீ. புதிதாக வரும்போது 22.

இரண்டே மில்லிமீட்டர்தானே, அதற்கா இவ்வளவு கறார் என்று தோன்றும். டிஸ்க்கை விளிம்பிலிருந்து பாருங்கள். முன்சக்கர டிஸ்க் பெரும்பாலும் ஒரே கட்டித் தட்டாக இருக்காது. இரண்டு தட்டு, நடுவில் காற்று ஓட இடைவெளி, அதில் சிறுசிறு தடுப்புகள். 22 மி.மீ.யில் ஒவ்வொரு தட்டும் சுமார் ஆறு மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு அவ்வளவு குறைந்தது. அதே மலை, அதே எடை, அதே ஐந்தாறு குடம். ஆனால் அடுப்பில் ஏறிய பாத்திரம் மெலிந்துவிட்டது. டிஸ்க் இன்னும் சூடாகும், விரிசல் விடும், அந்தச் சூடு பேட் வழியாக பிரேக் ஆயிலுக்கு ஏறும். இன்னொன்றும் உண்டு. தேய்ந்த டிஸ்க்கோடு தேய்ந்த பேடும் சேர்ந்தால், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வர வேண்டிய அளவைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அது கழன்றுகொண்டால் ஆயில் வெளியே, பெடல் தரையோடு.

ஆகவே கிலோமீட்டரை வைத்து டிஸ்க்கை மாற்றச் சொல்பவரை நான் நம்புவதில்லை. இரண்டு செட் பேட் தேய்ந்தால் ஒரு செட் டிஸ்க் என்று பட்டறைகளில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. அது சராசரி மட்டும்தான். தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் கார் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எல்லைக்குள் நிற்கும். வால்பாறையின் 40 வளைவுகளில் தினமும் ஏறி இறங்கும் டாக்ஸியை அந்தக் கணக்கில் கட்ட முடியாது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேட் தொடாத வெளி ஓரம் தேயாமல் அப்படியே நிற்கும், துருவும் சேர்ந்து ஒரு வரப்பு கட்டியிருக்கும். வெர்னியரை அப்படியே வைத்தால் அதன் தாடை வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்க்கையும் புதுசு என்று சாதிக்கும். வரப்பைத் தாண்டி உள்ளே போய்ப் பிடிக்க மைக்ரோமீட்டர் வேண்டும். அது இல்லாத இடத்தில், ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய்க் காசை டிஸ்க்கின் இரு பக்கமும் வைத்துச் சேர்த்து அளந்து, காசுகளின் தடிமனைக் கழிப்பது பழைய பட்டறைத் தந்திரம். ஓர் இடத்தில் அளந்தால் போதாது. சுற்றிலும் ஆறு, எட்டு இடத்தில் அளக்க வேண்டும். ஏன் என்பதில்தான் என் காரின் கதை இருக்கிறது.

பெண்ட் ஆகாத பெண்ட்

‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பது நம்மூர் மட்டுமல்ல, உலகம் முழுக்கச் சொல்லும் வழக்கு. அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் இதைக் கட்டுக்கதை என்றே எழுதிவைத்தார். வளைந்தது என்று கழற்றி வீசப்படும் டிஸ்க்குகளில் வளைவு இருப்பதில்லை, பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக அப்பியிருப்பதே பெரும்பாலும் காரணம் என்பது அவர் கட்சி. முழுக்க அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டீரிங் உதறுகிறது என்றால், அநேகமாக டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தடித்த இடம் பேடுக்குள் வரும்போது பிடி இறுகுகிறது, மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பதினான்கு சுற்றுப்போல ஓடும். அத்தனை முறை இறுகித் தளர்ந்தால் ஸ்டீரிங் உதறாமல் என்ன செய்யும்?

இந்தச் சீரின்மை எப்படி வருகிறது? ஒரு வழி, கரோல் ஸ்மித் சொன்னது. வேகமாக வந்து அழுத்தமாக பிரேக் பிடித்து, சிக்னலில் பெடலை மிதித்தபடியே நிற்கிறோம். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது; அங்கே அதன் பொருள் முத்திரை குத்தினாற்போல் ஒட்டுகிறது. அடுத்தடுத்த முறை அந்தத் திட்டுதான் அதிகம் உராய்ந்து அதிகம் சூடாகும். 650 டிகிரிக்கு மேல் போனால் அங்கே இரும்பின் குணமே மாறி, சிமென்டைட் எனும் கடினமான பொருளாகிவிடும். அதற்கப்புறம் லேத்தில் கொடுத்தாலும் அந்த இடம் முழுசாகப் போகாது. டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, என் காருக்கு நேர்ந்தது. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் துருச்செதில் மாட்டிக்கொண்டதால் டிஸ்க் கோணலாக உட்கார்ந்தது. ஹப்பைவிட டிஸ்க் அகலம் என்பதால், நடுவில் ஒரு பங்கு கோணல் விளிம்பில் இரண்டு பங்காகத் தெரியும். முதல் நாள் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. காலிப்பர் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நகர்ந்துகொள்ளும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதுதான் விவகாரம். ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் மேடான இடம் மட்டும் பேடை லேசாக உரசிவிட்டுப் போகிறது. ஏழாயிரம் கிலோமீட்டரில் அந்த உரசல் முப்பது, நாற்பது லட்சம் முறை. அந்த ஓர் இடம் மட்டும் மெலிந்துவிடுகிறது. பட்டறைக்காரர் மைக்ரோமீட்டர் வைத்து எட்டு இடத்தில் அளந்தார். 21.83-க்கும் 21.80-க்கும் நடுவே எண்கள் ஏறி இறங்கின. மூன்று கோடு வித்தியாசம். என் கைநடுக்கத்துக்குக் காரணம் அதுதான்.

ஆக, அன்று நான் சர்வீஸ் சென்டர் சொன்னபடி மறுபடி டிஸ்க் மாற்றியிருந்தால்? துரு அங்கேயே இருந்திருக்கும். இன்னொரு ஏழாயிரம் கிலோமீட்டர், இன்னொரு பில்.

மெக்கானிக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்து ஹப்பை வெள்ளையாகும்வரை தேய்த்தார். போல்ட்டைச் சுற்றி இருந்த துருவை ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் நோண்டினார். அதற்கே அரைமணி நேரம். டிஸ்க்கின் பின்முகத்தையும் அப்படியே துடைத்து மாட்டி, மறுபடி டயல் கேஜ். இப்போது நான்கு கோடு. தடிமன் சீரின்மை பாக்கி இருக்கிறதே? வண்டியிலேயே மாட்டித் திருப்பும் சிறிய லேத் ஒன்று வைத்திருந்தார். பக்கத்துக்கு 0.2 மி.மீ. சீவினார். 21.4-ல் நின்றது. எல்லை 20. “இன்னும் ரொம்ப நாள் ஓடும்ங்க. அடுத்து யாராச்சும் மாத்தச் சொன்னா, எத்தன இருக்குன்னு கேளுங்க.”

டர்னிங்கா, மாற்றுவதா?

டிஸ்க்கை லேத்தில் சீவுவதை, அதாவது டர்னிங் போடுவதைக் கேவலமாகப் பார்க்கும் கூட்டம் ஒன்று, அதையே சர்வரோக நிவாரணியாக நினைக்கும் கூட்டம் இன்னொன்று. எண்ணைக் கேட்டால் இரண்டும் அடங்கிவிடும். சீவிய பிறகும் டிஸ்க் எல்லைக்கு மேல், அடுத்த செட் பேட் தேயும்வரை தாங்கும் அளவு தடிமனோடு இருக்குமானால் தாராளமாகச் சீவலாம். சரியாக எல்லைக்கோட்டில் வந்து நிற்குமானால் சீவுவது வீண். ஆறு மாதத்தில் எல்லைக்குக் கீழே ஓடிக்கொண்டிருப்பீர்கள். நண்பர் ஒருவரின் கார் இரண்டு முறை லேத் பார்த்தது. மூன்றாவது பட்டறையில் அளந்தபோது எல்லையைவிட அரை மில்லிமீட்டர் கீழே இருந்தது. சீவியவர் இருவரும் மைக்ரோமீட்டரை எடுக்கவே இல்லை. தேவையில்லாமல் மாற்றுபவர் பணத்தைத்தான் எடுக்கிறார், அளக்காமல் சீவுபவர் எதை எடுக்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய காருக்கு ஒரு ஜோடி டிஸ்க் சில ஆயிரம் ரூபாய்தான். எல்லை நெருங்கிவிட்டால் இழுத்தடிக்கக் கூடாது.

எண் சரியாக இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. டிஸ்க்கின் மேல் தலைமுடிபோல மெல்லிய வெப்பக்கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். கோடு வளர்ந்து வெளி விளிம்பையோ உள் விளிம்பையோ தொட்டுவிட்டால், அந்த வண்டி அங்கிருந்து நகரக்கூடாது. நகத்தை ஓட்டிப் பார்க்கையில் லேசாக இடறும் கோடு சாதாரணம். நகம் உள்ளே போய் நிற்கிற பள்ளம், பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசிய அடையாளம். அதற்கு முன்பே பேடில் இருக்கும் சின்ன எஃகுத் துண்டு ‘கீச் கீச்’ என்று பல நாள் கத்தியிருக்கும். பாட்டுச் சத்தத்தில் நமக்குத்தான் கேட்டிருக்காது. கத்தல் கரகரப்பாக மாறினால் டிஸ்க்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் ஏன் இவ்வளவு சூடானது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காலிப்பரின் பிஸ்டனோ, அது நகரும் பின்னோ சிக்கியிருக்கும். அதைச் சரி பண்ணாமல் புது டிஸ்க் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு கட்டுவது.

சென்னை, தூத்துக்குடி, நாகை என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் துருதான் பெரிய பிரச்சினை. இரவு மழையில் நின்ற காரின் டிஸ்க் காலையில் செம்பழுப்பாக இருக்கும். அது மேல்தூசு, நாலு பிரேக்கில் போய்விடும். மாதக்கணக்கில் உப்புக்காற்றில் நின்ற கார் வேறு. துரு உள்ளே அரித்துக் குழிகுழியாக்கிவிடும், நடுவில் காற்று ஓடும் வழிகளை அடைத்துவிடும். மேல்முகம் பளபளத்தாலும் உள்ளே தடுப்புகள் செல்லரித்திருக்கலாம். சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நாள்கணக்காகத் தண்ணீரில் நின்ற கார்களில், பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு சக்கரமே நகராமல் போனதுண்டு. இன்ஜினுக்காகக் கண்ணீர் விட்டோம். பிரேக்கைத் திறந்து பார்த்தவர் குறைவு.

உதறல் எல்லாமே டிஸ்க்கின் வேலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரேக்கைத் தொடாமலே 80, 90-ல் ஸ்டீரிங் ஆடினால் வீல் பேலன்சிங்கைப் பாருங்கள். ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தபோது பெடல் காலை டகடகவென்று எதிர்த்துத் தள்ளினால் அது ஏ.பி.எஸ். தன் கடமையைச் செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

மாட்டுகிற கை

டிஸ்க் நல்லதாக இருந்து மாட்டுகிற கை சரியில்லை என்றால் என்னாகும் என்று என் பில் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. முன்னால் இரண்டும் ஜோடியாக மாற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். புது டிஸ்க்குக்குப் பழைய பேட் ஆகாது. அந்தப் பேட் பழைய டிஸ்க்கின் மேடுபள்ளத்துக்குப் பழகியது. துருப்பிடிக்காமல் இருக்க டிஸ்க்கின் மேல் பூசி வரும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுக்க வேண்டும். சக்கர நட்டுகளை நட்சத்திரம் போடுகிற வரிசையில், எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். காற்று கன்னை வைத்து ‘டர்ர்ர்’ என்று ஒன்றை மட்டும் இறுக்கித் தள்ளினால் அதுவே டிஸ்க்கைக் கோணலாக்கப் போதும். வண்டியை நகர்த்துமுன் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்து பட்டறை வாசலிலேயே முன்னால் நின்ற வண்டியில் மோதியவர்கள் உண்டு.

அப்புறம் பழக்குதல். ஆளில்லாத நல்ல சாலையில் 60 வரை போய், நிதானமாக 15, 20 வரை குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, பத்துத் தடவைபோலச் செய்ய வேண்டும். நடுநடுவே ஆற விட வேண்டும். பேட்டின் பொருள் டிஸ்க் முழுக்க ஒரே சீராக ஒரு மெல்லிய படலமாக ஏறுவது இப்படித்தான். புது பிரேக் போட்ட கையோடு ஏற்காட்டுக்குக் கிளம்பி, இறங்கும்போது அதைச் சோதிக்காதீர்கள். இறங்கி வந்து புகைகிற சக்கரத்தில் வாளித் தண்ணீரை ஊற்றவும் செய்யாதீர்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ‘சொய்ங்’ என்று கேட்குமே, வார்ப்பிரும்பு விரிசல் விடுவதற்கு அந்த அதிர்ச்சி போதும். ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டீ குடியுங்கள். பிரேக் ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானால் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் எவ்வளவு நல்ல டிஸ்க்கும் உதவாது.

எங்கே வாங்குவது? பிரேக் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து சென்னை பாடியில் இருக்கிறது. மெக்கானிக்குகள் வாயில் ‘கிர்லிங்’ என்று புழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ராணே, சுந்தரம் பிரேக் லைனிங் பெயர்களும் பேட், ஷூ டப்பாக்களில் பார்த்தவைதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் நல்ல சரக்கும் கிடைக்கும், நல்ல சரக்கின் டப்பாவும் கிடைக்கும். பில் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். கழற்றிய டிஸ்க்கை வாங்காதீர்கள். பத்தில் ஒன்று நல்லதாக இருக்கும், எது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் கார் மூன்று வயதைத் தாண்டினால் வருடாவருடம் சோதனைக்குப் போக வேண்டும், அதில் பிரேக்கும் உண்டு. இங்கே டாக்ஸி, லாரிக்கு எஃப்.சி. இருக்கிறது. சொந்தக் காருக்கோ பதிவு 15 வருடம். அதுவரை உங்கள் டிஸ்க்கை அளந்து பார்க்கச் சட்டம் யாரையும் அனுப்பாது.

எலெக்ட்ரிக் கார் வந்தால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்கிறார்கள். அதில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேலை குறைந்ததால் துரு அதிகம். ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3, ஐ.டி.4 எலெக்ட்ரிக் கார்களின் பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கையே திரும்பக் கொண்டுவந்தது. மூடி போட்ட டிரம்மில் துரு அவ்வளவாகத் தாக்காது. ஐரோப்பாவின் யூரோ 7 விதியோ புகைக்குழாயோடு நிற்காமல் பிரேக் தூசிக்கும் வரம்பு கட்டுகிறது. 2026 நவம்பரிலிருந்து புதிதாக அனுமதி கேட்கும் பெட்ரோல், டீசல் கார் மாடல்கள் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நுண்தூசி கக்கக்கூடாது, முழு எலெக்ட்ரிக் என்றால் 3. தேயாத டிஸ்க்கைத் தேடி, வார்ப்பிரும்பின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசுகிறார்கள். போர்ஷே 2017-லேயே தன் கயென் காரில் அதைக் காட்டியது. நம் கைக்கு எட்டும் விலைக்கு அது வரும்போது இந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதலாம்.

மேட்டுப்பாளையத்துக்காரர் வேலையை முடித்துவிட்டு, என் சர்வீஸ் புத்தகத்தை வாங்கி, கிரீஸ் விரல் பதிய, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு ‘இடது 21.4, வலது 21.5’ என்று எழுதித் தந்தார். ஆறு மாதம் கழித்து ஆயில் மாற்ற வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வேறு இளைஞர், அதே டேப்லெட். முன் டிஸ்க்குகள் பார்வையிடப்பட்டன, மாற்றினால் நல்லது என்றார். எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சார் என்று உள்ளே போனார். இருபது நிமிஷம் ஆனது. கண்ணாடி வழியாக, அவரும் இன்னும் இருவரும் என் காரின் முன்சக்கரத்தருகே குனிந்து நிற்பது தெரிந்தது. ஒருவர் டூல் அறைக்கு ஓடினார். சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். “அளந்துட்டோம் சார். 21.9 இருக்கு. மாத்த வேண்டாம்.”

அவர் கையில் வெர்னியர் இருந்தது.